கண்ணிமைக்கும் முன் நிற்கும் ஆலை

ஆடிக் காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும் ஒரு சாயங்காலம். வீட்டில் ட்யூப்லைட் ஒரு முறை மங்கி, உடனே பழைய வெளிச்சத்துக்குத் திரும்புகிறது. மின்விசிறி நிற்கவில்லை. டிவி சீரியலும் தடைபடவில்லை. "கரண்ட் போகலை, சும்மா டிம் அடிச்சுது" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள்.

அதே நொடியில், ஊருக்கு வெளியே உள்ள நூற்பாலையில் இயந்திர இரைச்சல் அடங்கிப்போகிறது. ஒரு ரிங் ஃப்ரேம் இயந்திரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிண்டில்கள் உண்டு. அது தாறுமாறாக நின்றால் நூற்றுக்கணக்கான இழைகள் அறுந்து தொங்கும். சைடர்கள் எனப்படும் தொழிலாளர்கள் வரிசை வரிசையாக நடந்து ஒவ்வோர் இழையையும் விரலால் பிடித்து ஒட்ட வேண்டும். வீட்டுக்கு ஒரு கணம் மங்கிய வெளிச்சம், ஆலைக்கு அந்த ஷிஃப்டின் கணிசமான பகுதி.

ஆலைக்கென்று தனி உயர் அழுத்த இணைப்பு இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. பின்கட்டில் டீசல் ஜெனரேட்டரும் தயாராக நிற்கிறது. வீட்டு ஃபேன் தாங்கியதை இவ்வளவு பெரிய ஆலையால் ஏன் தாங்க முடியவில்லை?

மங்கிய அந்த நொடியில்

முதலில், அங்கே மின்சாரம் போகவே இல்லை. எங்கோ முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு உயர் அழுத்தக் கம்பியில் மின்னல் இறங்கியிருக்கலாம், அல்லது காற்றில் ஒரு மரக்கிளை கம்பியைத் தொட்டிருக்கலாம். அந்த இடத்தில் மின்சாரம் தரைக்குப் பாய்கிறது. பாயும் அளவு மிகப் பெரியது என்பதால், சுற்றுவட்டாரம் முழுவதும் மின்னழுத்தம் சரிகிறது. பழுதுக்குப் பக்கத்தில் ஏறத்தாழ பூஜ்யம் வரை போகும், தொலைவு கூடக்கூட சரிவின் ஆழம் குறையும். இதை 'மின்சரிவு' என்று அழைக்கலாம்.

மின்கட்டமைப்பின் காவல் ரிலேக்கள் பழுதான கம்பியைக் கண்டுபிடித்து, பிரேக்கரைத் திறந்து, அதை மட்டும் வெட்டிவிடுகின்றன. இந்திய விதிகளின்படி 400 கிலோவோல்ட் கம்பியில் இந்த வேலை 100 மில்லி வினாடிக்குள் முடிய வேண்டும், 220 கிலோவோல்ட்டில் 160 மில்லி வினாடிக்குள். வெட்டியதும் மற்ற கம்பிகளில் அழுத்தம் நிமிர்ந்துவிடுகிறது. ட்யூப்லைட் மங்கியது அந்த இடைவெளியில்தான். கட்டமைப்பு தன் கடமையைச் சரியாகச் செய்ததற்கான அடையாளம் அது. எனவே மின்வாரியம் எவ்வளவு திறமையாக இயங்கினாலும், மின்னலும் மரமும் இருக்கும்வரை மின்சரிவும் இருக்கும். தாங்கவேண்டிய பொறுப்பு ஆலையின் பக்கம் வந்துவிடுகிறது.

கையைக் காக்கும் சுவிட்ச்

வீட்டு ஃபேனுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சாதாரண சுவிட்ச் மட்டுமே இருக்கிறது. அழுத்தம் குறைந்தாலும் சுவிட்ச் மூடியே இருக்கும். இறக்கைகள் சுழன்ற வேகத்திலேயே அந்தக் கணத்தைக் கடந்துவிடும்.

ஆலை மோட்டாருக்கு நடுவில் இருப்பது கான்டாக்டர். அதற்குள் ஒரு காயில் உண்டு. பச்சை பட்டனை அழுத்தினால் காயிலில் மின்சாரம் ஓடி, அது காந்தமாகி, முனைகளை இழுத்துச் சேர்க்கிறது. பட்டனிலிருந்து விரலை எடுத்த பிறகும் ஒரு துணை முனை வழியாகத் தனக்கான மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொண்டு காயில் பிடித்தபடி இருக்கும். அழுத்தம் ஏறத்தாழ பாதிக்குக் குறைந்தால் காந்தத்தின் பிடி தளர்கிறது, ஸ்பிரிங் முனைகளைத் தள்ளிவிடுகிறது. இதற்கு ஓரிரு அலை நேரம், அதாவது 20 முதல் 40 மில்லி வினாடி போதும். அழுத்தம் திரும்பி வந்தாலும் கான்டாக்டர் தானாக மூடாது. யாராவது வந்து மறுபடி பட்டனை அழுத்த வேண்டும்.

இது வடிவமைப்பின் குறை அல்ல. மின்சாரம் போனதும் ஒரு தொழிலாளி இயந்திரத்துக்குள் கைவிட்டுச் சிக்கலை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் வந்ததும் இயந்திரம் தானே ஓடத் தொடங்கினால் கை போய்விடும். அந்தக் கையைக் காக்கவே கான்டாக்டர் இப்படி அமைக்கப்பட்டது. மின்சரிவில் ஆலையை நிறுத்துவது பெரும்பாலும் மின்சாரமின்மை அல்ல, ஆலையின் சொந்தக் காவல்தான்.

0.07 வினாடி

2010 டிசம்பர் 8 அதிகாலை, ஜப்பானின் மியெ மாநிலப் பகுதியில் மின்னழுத்தம் 0.07 வினாடி சரிந்தது. அங்கே மின்சாரம் வினாடிக்கு 60 அலைகளாக வருகிறது. சரிவு நீடித்தது நான்கு அலை நேரம் மட்டுமே. கண் இமைக்க இதைவிட அதிக நேரம் ஆகும்.

அந்தப் பகுதியில்தான் தோஷிபா நிறுவனத்தின் யொக்காய்ச்சி சிப் ஆலை இருந்தது. செல்பேசிகளிலும் மெமரி கார்டுகளிலும் போகும் ஃப்ளாஷ் நினைவகத்தில் அன்று தோஷிபா, சாம்சங்குக்கு அடுத்த பெரிய உற்பத்தியாளர். அந்த நான்கு அலைகளுக்குப் பிறகு, ஜனவரி, பிப்ரவரி மாதச் சரக்கு 20 சதவீதம் வரை குறையக்கூடும் என்று நிறுவனம் அறிவித்தது.

0.07 வினாடி இரண்டு மாதமானது எப்படி? ஒரு சிலிக்கான் தகடு சிப்பாக மாற நூற்றுக்கணக்கான படிகளைக் கடக்க வேண்டும். அதற்கே வாரக்கணக்கில் ஆகும். எந்த நேரத்திலும் ஆயிரக்கணக்கான தகடுகள் பாதி வழியில் இருக்கும். ஒரு வெற்றிட பம்ப் நின்றால் அறையின் வெற்றிடம் கெடும். உலை வெப்பம் சற்றுப் பிசகினால் மேலே படியும் படலத்தின் தடிமன் மாறும். தூசியை வெளியேற்றும் விசிறிகள் நின்றால் தூய்மை அறை தூய்மையாக இருக்காது. இயந்திரங்களை மறுபடி ஓட்டுவது எளிது. ஒவ்வொன்றும் பழைய துல்லியத்துக்குத் திரும்பிவிட்டதா என்று சோதித்துத் தேற்றுவதில்தான் நாட்கள் கழியும்.

சிப் தொழிலில் இதற்கென்றே செமி எஃப்47 என்ற தரநிலை இருக்கிறது. அழுத்தம் பாதியாகக் குறைந்தால் 0.2 வினாடி, 70 சதவீதமாகக் குறைந்தால் 0.5 வினாடி, 80 சதவீதமானால் ஒரு வினாடி இயந்திரம் நிற்காமல் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று அது கேட்கிறது. ஆலைக்குத் தேவை முழுமையான மின்சாரம் அல்ல, குறையோடு சில கணம் ஓடத் தெரிந்த இயந்திரம் என்ற கணக்கு அதில் இருக்கிறது.

இடைவெளிக்கு ஏற்ற மருந்து

டீசல் ஜெனரேட்டர் இந்த நோய்க்கு மருந்தே இல்லை. நன்றாகப் பராமரித்த ஜெனரேட்டர்கூட கிளம்பி, வேகம் பிடித்து, சுமையை ஏற்கச் சுமார் 10 வினாடி ஆகும். அதற்குள் நூறு மின்சரிவுகள் வந்துபோகலாம்.

வினாடிக்குக் குறைவான இடைவெளிக்கு மலிவான வழி, முழு மோட்டாருக்கும் மின்சாரம் கொடுக்க முயலாமல் கான்டாக்டரின் காயிலுக்கு மட்டும் கொடுப்பது. மோட்டார் பல கிலோவாட் கேட்கும். பிடித்துக்கொண்டிருக்கும் காயிலுக்குச் சில வாட் போதும். சிறிய யூபிஎஸ் ஒன்று கட்டுப்பாட்டுச் சுற்றை அரை வினாடி தாங்கினால், மோட்டார் சுழன்ற வேகத்திலேயே பள்ளத்தைத் தாண்டிவிடும். அரை வினாடிக்கு மேல் நீண்டால் பிடியை விட்டுவிட வேண்டும், இல்லையேல் கையைக் காக்கும் ஏற்பாடு பயனற்றுப்போகும்.

புதிய ரிங் ஃப்ரேம்களில் இன்னொரு உத்தி உண்டு. மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ், அழுத்தம் சரிந்ததை உணர்ந்ததும் சுழலும் மோட்டாரையே கொஞ்ச நேரம் ஜெனரேட்டராக மாற்றிவிடும். சுழற்சியில் இருக்கும் ஆற்றலைச் சிறுகச் சிறுக எடுத்துத் தன் மின்னணுப் பகுதியை உயிரோடு வைத்துக்கொள்ளும். மின்சாரம் திரும்பினால் ஓட்டம் தொடரும். திரும்பாவிட்டால் ஸ்பிண்டில்களும் உருளைகளும் ஒரே விகிதத்தில் வேகம் குறைந்து ஒழுங்காக நிற்கும். இழை அறுவது வெகுவாகக் குறையும்.

பத்து வினாடி, பத்து நிமிட இடைவெளிகளை பேட்டரியும், கனமான சுழல் சக்கரமும் நிரப்புகின்றன. ஜெனரேட்டர் சுமையை ஏற்கும்வரை பாலம் போடுவதே அவற்றின் பணி. எல்லா மோட்டார்களும் ஒரே நேரத்தில் மறுபடி கிளம்பினால் அதுவும் ஆபத்து. கிளம்பும்போது மோட்டார் தன் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஆறு மடங்கு இழுக்கும். ஐம்பது மோட்டார்கள் சேர்ந்து இழுத்தால் ஆலையே தனக்கு ஒரு புதிய மின்சரிவை உண்டாக்கிக்கொள்ளும். அதனால் சுத்திகரிப்பு ஆலைகளில் எந்த பம்ப் முதலில், எது இரண்டு வினாடி கழித்து என்று வரிசை எழுதி வைத்திருப்பார்கள்.

உறையும் உலோகம்

தாங்கும் நேரம் தொழிலுக்குத் தொழில் மாறும். அலுமினிய உருக்காலை சிப் ஆலைக்கு நேர் எதிர். அங்கே சுமார் 960 டிகிரி வெப்பத்தில் உருகிய கலவை பெரிய தொட்டிகளில் கிடக்கும். நூற்றுக்கணக்கான தொட்டிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். அலுமினியத்தைப் பிரிக்கும் அதே மின்னோட்டம்தான் தொட்டியைச் சூடாகவும் வைத்திருக்கிறது. 0.07 வினாடியை அது பொருட்படுத்தாது. ஒரு மணி நேரம்கூடச் சமாளிக்கும். மின்தட்டுப்பாட்டின்போது, முன்பே செய்த ஒப்பந்தப்படி உருக்காலைகளைச் சிறிது நேரம் அணைத்து மின்கட்டமைப்பைக் காப்பாற்றும் நாடுகளும் உண்டு. ஆனால் நான்கைந்து மணி நேரமானால் தொட்டிகள் உறையத் தொடங்கும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள போர்ட்லாந்து உருக்காலையில் 2016 டிசம்பர் 1 அன்று அதுதான் நடந்தது. மின்கடத்தல் பாதையில் ஏற்பட்ட பழுதால் பல மணி நேரம் மின்சாரம் இல்லை. இரண்டு தொட்டி வரிசைகளில் ஒன்று உறைந்துபோனது. மாநில மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைக் குடிக்கும் ஆலைக்கு எந்த டீசல் ஜெனரேட்டர் ஈடுகொடுக்கும்? அடுத்த மாதமே, ஆலையை மூடாமல் காக்க மாநில, மத்திய அரசுகள் சேர்ந்து 20 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் உதவி அறிவிக்க வேண்டியதாயிற்று.

ஒரு காகித ஆலை தீவாகிறது

மணிக்கணக்கில் மின்சாரம் இல்லாத நிலையைத் தாங்க விரும்பும் ஆலை, சொந்த மின்நிலையம் வைத்துக்கொள்கிறது. சர்க்கரை, காகிதம், சிமென்ட், உரம், எஃகு ஆலைகள் பலவற்றில் இது உண்டு. வெளியே இருட்டானால் ஆலை கட்டமைப்பிலிருந்து கத்தரித்துக்கொண்டு தனித்து ஓட வேண்டும். இதற்குத் தனித்தீவாதல் என்று பெயர் வைக்கலாம். ஆலைக்காரர்கள் ஐலேண்டிங் என்பார்கள். சொல்ல எளிது. அதற்குக் கிடைக்கும் அவகாசம்தான் பயங்கரம். கற்பனையாக ஒரு காகித ஆலையை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்க்கலாம்.

ஆலையின் தேவை 60 மெகாவாட். சொந்த நீராவி டர்பைன் முழுத் திறனில் 40 மெகாவாட் தருகிறது. மீதி 20 மெகாவாட் வெளியிலிருந்து வருகிறது. எல்லாம் வினாடிக்கு 50 சுழற்சியில், அதாவது 50 அலையில், சீராக ஓடுகிறது.

வெளியே கட்டமைப்பு சரியத் தொடங்குகிறது. ஆலை செய்ய வேண்டிய முதல் காரியம் இணைப்பு பிரேக்கரைத் திறப்பது. தாமதித்தால், சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் அந்த ஒற்றை டர்பைனை உறிஞ்சும். சுழற்சி வேகம் குறைவதையும் மின்சாரம் தவறான திசையில் பாய்வதையும் ரிலே கவனிக்கிறது, பிரேக்கர் திறக்கிறது. ஆலை இப்போது தீவு.

தீவில் வரவு 40, செலவு 60. மிச்சம் 20 மெகாவாட் எங்கிருந்து வரும்? சுழன்றுகொண்டிருக்கும் டர்பைனின் வேகத்திலிருந்து. இந்த அளவு இயந்திரத்தின் சுழற்சியில் 200 மெகாஜூல் ஆற்றல் தேங்கியிருப்பதாகக் கொள்ளலாம். மின்கட்டணக் கணக்கில் அது சுமார் 55 யூனிட், தமிழக வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என 2016-இல் அறிவிக்கப்பட்ட இலவச 100 யூனிட்டில் பாதிக்குச் சற்றே கூடுதல். அதையும் முழுதாகச் செலவழிக்க முடியாது. 20 மெகாவாட் பற்றாக்குறை இருந்தால் சுழற்சி வினாடிக்கு இரண்டரை என்ற வேகத்தில் விழும். ஒரே வினாடியில் 50 என்பது 47.5 ஆகிவிடும். அந்த அளவில், தன் இறக்கைகள் அதிர்ந்து உடையாமலிருக்க டர்பைன் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அதன்பின் தீவும் இருட்டு.

பின்னால் ஒருவரை உட்காரவைத்து மேடு ஏறும் சைக்கிள்காரர் என்ன செய்வார்? பெடலை இதற்குமேல் அழுத்த முடியாது, வேகம் குறைகிறது. "எறங்குடா!" என்கிறார். பின்னால் இருப்பவர் உடனே குதித்தால் சைக்கிள் தொடர்ந்து போகும். நின்ற பிறகு இறங்கினால், மேட்டில் மறுபடி ஏறி மிதிப்பது பெரும்பாடு.

ஆலையில் குதிக்க வேண்டியது 20 மெகாவாட். அதுவும் கால் வினாடிக்குள். அப்படிச் செய்தால் சுழற்சி 49.4-க்கு அருகில் நின்று, மெல்ல 50-க்கு ஏறும். மனிதர் யாரும் பட்டியலைப் பார்த்து முடிவெடுக்க இதில் நேரமில்லை. அதனால் ஆலையின் கணினி, நாள் முழுவதும், பிரேக்கர் மூடியிருக்கும்போதே ஒரு கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டே இருக்கிறது: இந்தக் கணம் இணைப்பு அறுந்தால் எவற்றை விடுவது? எந்த மோட்டார் எவ்வளவு இழுக்கிறது, டர்பைன் எவ்வளவு தருகிறது என்று அளந்து, வெட்டவேண்டிய பிரேக்கர்களின் பட்டியலைத் தயாராக வைத்திருக்கிறது. இது சுமை உதிர்ப்பு.

யார் முதலில் குதிக்கிறார்கள்? மரத்தைச் செதுக்கும் சிப்பர்கள். பல மணி நேரத்துக்குப் போதுமான மரச்சீவல் வெளியே குவிந்து கிடக்கிறது, நிறுத்தினால் நஷ்டமில்லை. அடுத்து ஊழியர் குடியிருப்பு, பட்டறை. பிறகு கூழ் அரைக்கும் பெரிய மோட்டார்கள். அதுவும் போதாவிட்டால் ஒரு முழு காகித இயந்திரம்.

எவற்றைத் தொடவே கூடாது? கொதிகலனுக்கு நீர் ஏற்றும் பம்ப், கொதிகலனின் விசிறிகள், கட்டுப்பாட்டு அறை. இவற்றில் ஒன்றை வெட்டினால் நீராவி போகும், நீராவி போனால் டர்பைனும் போகும். அதுபோக, காகிதம் உலர்வதற்கும் அதே நீராவிதான்.

அதிகமாக வெட்டுவதும் தவறு. 20-க்குப் பதில் 35 மெகாவாட் உதிர்த்தால் டர்பைன் சட்டென வேகமெடுக்கும். அதன் வால்வு நீராவியைக் குறைக்கும், ஆனால் கொதிகலன் அவ்வளவு விரைவில் தணியாது. பாதுகாப்பு வால்வுகள் திறந்து நீராவி வெளியேறும் சத்தம் அடுத்த ஊர்வரை கேட்கும். கணக்கு ஓரிரண்டு மெகாவாட்டுக்குள் சரியாக இருக்க வேண்டும்.

எல்லாம் தோற்றுப்போனாலும் ஒன்று ஓடியாக வேண்டும். நீராவி நின்ற பிறகும் கனமான டர்பைன் வெகுநேரம் சுழன்றுகொண்டிருக்கும். அதன் பேரிங்குகளுக்கு எண்ணெய் நின்றால் உலோகம் உருகி, இயந்திரம் மாதக்கணக்கில் படுத்துவிடும். அதனால் ஒரு சிறிய எண்ணெய் பம்ப் மட்டும் நேராக பேட்டரியில் இணைக்கப்பட்டிருக்கும்.

2012 ஜூலையில்

இந்தியாவில் இந்தக் கணக்குகளுக்குப் பெரிய தேர்வு 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வந்தது. இரண்டு நாளும் பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை துண்டானதிலிருந்து சரிவு தொடங்கியது. முதல் நாள் பின்னிரவு 2.33-க்கு வடக்கு மண்டலம் விழுந்தது. மறுநாள் பகல் ஒரு மணிக்கு வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழுந்தன. ஏறத்தாழ 48,000 மெகாவாட் சுமை இருண்டது. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி அது. மேற்கு வங்க நிலக்கரிச் சுரங்கங்களில் லிஃப்ட்கள் நின்று சுமார் 200 தொழிலாளர்கள் நிலத்தடியில் மாட்டிக்கொண்டு, பின்னர் பத்திரமாக மீட்கப்பட்டனர். கொல்கத்தா நகரின் பெரும்பகுதியோ, சொந்த மின்நிலையங்களோடு தீவாகப் பிரிந்து தப்பியது.

தமிழகமும் தென்மாநிலங்களும் அன்று பாதிக்கப்படவில்லை. தெற்குக் கட்டமைப்பு அப்போது மற்றவற்றோடு நேர்மின்சாரப் பாதைகளால் மட்டுமே இணைந்திருந்தது. அப்படிப்பட்ட பாதையில் ஒரு பக்கத்துச் சுழற்சி வீழ்ச்சி மறுபக்கத்துக்குத் தொற்றாது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இயங்கத் தொடங்கியபோது நாடு ஒரே சுழற்சியில் ஓடும் ஒற்றைக் கட்டமைப்பானது. வடக்கின் உபரி மின்சாரம் தெற்குக்கு எளிதாக வந்தது. வடக்கின் பெரிய பழுதும் இனி வரக்கூடும் என்பது அதோடு வந்த விலை.

தீவாவது எப்போதும் வெற்றி பெறுவதில்லை. 2020 அக்டோபர் 12 காலை மும்பையில், நகரைத் தனியே பிரித்துக் காக்கும் பழைய ஏற்பாடு கைகொடுக்கவில்லை. நகருக்குள் அப்போது உற்பத்தியான மின்சாரம் தேவையைவிட மிகக் குறைவாக இருந்தது. புறநகர் ரயில்கள் பாதி வழியில் நின்றன.

பட்டியலை யார் எழுதுவது

2019 ஆகஸ்ட் 9 மாலை, பிரிட்டனில் மின்னலைத் தொடர்ந்து ஒரு கடல் காற்றாலையும் ஓர் எரிவாயு மின்நிலையமும் அடுத்தடுத்து வெளியேறின. சுழற்சி 48.8 வரை இறங்கியது. சுமை உதிர்ப்பு திட்டமிட்டபடி வேலை செய்தது, ஒரு மணி நேரத்துக்குள் மின்சாரம் எல்லாருக்கும் திரும்பியது. ஆனால் லண்டனைச் சுற்றி ஓடிய ஒரு வகை ரயில்கள் சுழற்சி 49-க்குக் கீழே போனதும் தங்களைத் தாங்களே பூட்டிக்கொண்டன. அவற்றில் பலவற்றை, தொழில்நுட்பப் பணியாளர் லேப்டாப்போடு நேரில் வந்தால்தான் கிளப்ப முடிந்தது. பயணிகள் மணிக்கணக்கில் சிக்கினர். மென்பொருளில் எழுதப்பட்டிருந்த ஓர் அமைப்பு, காயில் பிடியை விடும் கான்டாக்டர் செய்வதையே செய்திருந்தது.

அந்த 49 போன்ற எண்கள் ஆலைகளிலும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு டிரைவிலும் ரிலேயிலும் இயந்திரம் வாங்கிய அன்று உற்பத்தியாளர் வைத்த அளவு அப்படியே கிடக்கும். மின்பொறியாளரின் பெரிய வேலை புதிய பேட்டரி வாங்குவதைவிட, இவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, எது உண்மையில் ஆளையும் இயந்திரத்தையும் காக்கிறது, எது சும்மா பயந்து நிற்கிறது என்று பிரிப்பது.

உதிர்ப்புப் பட்டியலும் அப்படியே பழசாகும். ஆலை புதிதாக இரண்டு மெகாவாட் மோட்டார் வாங்கும். அது பட்டியலில் ஏறாவிட்டால் அன்றிலிருந்தே கணக்கு இரண்டு மெகாவாட் பிசகு. பட்டியல் சரியா என்று அறிய ஒரே வழி, ஓடும் ஆலையில் இணைப்பு பிரேக்கரை வேண்டுமென்றே திறந்து பார்ப்பது. தோற்றால் ஒருநாள் உற்பத்தி போகும் என்பதால் நிர்வாகம் தயங்கும். பராமரிப்புக்காக ஆலை நிற்பதற்கு முந்தைய நாள்தான் அனுமதி கிடைக்கும்.

அந்தச் சோதனைக்கு முன் துறைத் தலைவர்களின் கூட்டம் ஒன்று நடக்கும். கூழ்ப் பிரிவுக்காரர் தன் மோட்டாரை நிறுத்தினால் குழாயில் கூழ் இறுகும் என்பார். காகித இயந்திரக்காரர் ஒரு நிறுத்தத்துக்குப் பிறகு காகிதத்தை மறுபடி ஏற்றவே மணிக்கணக்கில் ஆகும் என்பார். இருவர் சொல்வதும் உண்மை. பட்டியலில் யாருக்காவது முதலிடம் கொடுத்தே ஆகவேண்டும் என்பதால், எவ்வளவு நேரம் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்ற கணக்கை இருவரும் மேசைமேல் வைக்கிறார்கள். சிப்பர்களுக்காக வாதாட யாரும் எழுந்திருப்பதில்லை.